மயிலி சொல்லாமல் போன மிச்சம்

மாட்டுக்கும் மனிதனுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்த காலம் அது. அப்போது காவிரியில் ஓடிய பரிசல்கள் வட்டமாக இல்லை. விரால் மீன் மாதிரி நீளமாக இருந்தன. முன்னால் ஒரு மூக்கு, பின்னால் ஒரு வால், நடுவில் ஓர் ஆள் இடுப்புவரை இறங்கி உட்கார ஒரு துளை. ஒரு பரிசலுக்கு ஓர் ஆள்தான். அதுவும் யாருடைய உடம்புக்குக் கட்டினார்களோ அவர் மட்டும்தான். புருஷன் பரிசலில் பெண்டாட்டி ஏறினால் ஒன்று தொடை இடிக்கும், இல்லையென்றால் தொளதொளவென்று ஆடிக் கவிழ்த்துவிடும்.

இரண்டு மலைகள் நெருங்கி வரும் இடத்தில் ஆறு ஆழமாகக் கறுத்துக் கிடந்தது. அந்த மடுவின் கரையில் இருந்த ஊருக்கு மடுவங்கரை என்று பெயர். அங்கே பரிசல் கட்டியவன் கெம்பன்.

பரிசல் வேண்டுமென்று வருகிறவரைக் கெம்பன் முதலில் ஈர மணலில் மல்லாக்கப் படுக்க வைப்பான். மூச்சை இழுக்கச் சொல்லிப் பக்கத்தில் ஒரு குச்சி நடுவான். விடச் சொல்லி இன்னொன்று நடுவான். இப்படியே தலையிலிருந்து கால்வரை சுற்றி வருவான். "வயிறு முட்டத் தின்னுட்டு வந்து படுக்காத. உன் களி உருண்டைக்கும் சேர்த்து நான் தோல் தேடணுமா?" என்று வைவான். ஆள் எழுந்து போன பிறகு குச்சிகளுக்கு நடுவே ஓர் உடம்பின் இடம் மட்டும் கிடக்கும். அளவெடுத்து முடித்ததும் குச்சிகளைப் பிடுங்கி மணலைத் தட்டிவிடுவான். விட்டுவைத்தால் ஆறு வந்து அதில் படுத்துப் பார்க்கும் என்று ஒரு பயம்.

பிறகு மூங்கில் பிளாச்சுகளை வளைத்து, விலாவெலும்பு போல அடுக்கி, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டுவான். அதன்மேல் நனைத்த எருமைத் தோல். எருமையின் முதுகு அடியில் வரும், வயிற்றின் இரண்டு ஓரமும் மேலே வந்து சேரும். எருமையின் தலை இருந்த பக்கம் பரிசலின் மூக்கு, வால் இருந்த பக்கம் வால். மேலே சேர்ந்த ஓரங்களை வாரால் கோத்து இறுக்குவான். அதோடு முடிந்துவிடாது. பத்து நாள் நிழலில் காய வேண்டும். பரிசலுக்கு உரியவர் தினமும் வந்து அதில் உட்கார வேண்டும். தோல் சுருங்கச் சுருங்கக் கெம்பன் துளையைச் சுற்றி ஓடும் இடுப்பு வாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவான். தோல் ஆளைப் பழக வேண்டும், ஆள் தோலைப் பழக வேண்டும் என்பான்.

தோலுக்காக எந்த எருமையையும் கொல்வதில்லை. தானாகச் சாகிற எருமைதான். சாவதற்கு முன் அது ஒரு பேச்சுப் பேசும். தோல் எடுக்கப் போகிறவன் தலைமாட்டில் உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்க வேண்டும். பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். நான் கொம்பு தேய்க்கிற கல்லை நகர்த்தாதீர்கள். அந்த ஒற்றைக்கால் காக்கையை விரட்டாதீர்கள். ஓர் எருமை வெறுமனே "ஈ" என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனது. கேட்டு முடித்த தோல் சத்தமில்லாமல் கிடக்கும். கேட்காத தோல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை யாரும் கேட்காமல் எடுத்ததில்லை.

ஆனால் எருமை பேசுவது அசைபோடுவது மாதிரி. ஒரு சொல்லை மேலே கொண்டுவரும், மெல்லும், விழுங்கும், திரும்பக் கொண்டுவரும். பதமான பிறகுதான் வெளியே விடும். எருமை ‘தண்ணி குளிருது’ என்று சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் சூடாகிவிடும் என்று பசுக்கள் கேலி பேசும்.

கெம்பனுக்கு ஒரே தங்கை, இருசி. அவளை அக்கரையில் கொடுப்பதென்று பேசியாகிவிட்டது. மணப்பெண் தன் அளவுக்குக் கட்டிய பரிசலில் தானே துடுப்புப் போட்டு ஆற்றைக் கடந்து போக வேண்டும். ஏறும்போது இடுப்பு வாரின் முடிச்சைக் கூடப்பிறந்தவன் முதுகுப் பக்கமாகப் போடுவான். அந்த முடிச்சை அக்கரையில் நாத்தனார் அவிழ்த்துவிடுவாள். அவள் அவிழ்த்தால்தான் பெண் அந்த வீட்டுப் பெண். நடுவில் வேறு யார் கைபட்டாலும் கல்யாணம் இல்லை. மணப்பெண்ணின் சொந்தக் கைக்கு அந்த முடிச்சு எட்டவே எட்டாது.

அந்த வருஷம் எருமைகள் எதுவும் சாகவில்லை. இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் தள்ளிப்போயிற்று. மூன்றாவது நாளும் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று அக்கரையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் பரிசல் கட்டினவன் தங்கச்சி, அக்கரையைப் பாத்துக்கிட்டே கெழவியாகப் போறா" என்று இருசி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கெம்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கே மழை தொடங்கிவிட்டது. ஆற்றில் செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் கலந்தது. வெள்ளம் வந்துவிட்டால் நாலு மாதத்துக்கு யாரும் கடக்க முடியாது.

அப்போதுதான் மயிலி படுத்தது. அவர்கள் வீட்டுக் கிழட்டு எருமை. இருசி குடித்து வளர்ந்தது அதன் பாலைத்தான். கெம்பன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தான்.

விடிந்ததும் மயிலி ஒரு சொல் சொன்னது.

"எனக்கு."

பிறகு மென்றது. கெம்பன் ஈயை ஓட்டிவிட்டுக் காத்திருந்தான். வெயில் ஏறிற்று. ஆற்றோரத்தில் அவன் அடையாளம் வைத்திருந்த முதல் பாறை முழுகியது.

உச்சிப்பொழுதில் அடுத்த சொல் வந்தது.

"அக்கரையில."

திரும்பவும் தாடை அசைந்தது. இரண்டாவது பாறையின் கழுத்துவரை தண்ணீர் வந்தது. சாயங்காலம் ஆகும்போது மூன்றாவது சொல் வந்தது.

"ஒரு."

அவ்வளவுதான். மயிலியின் கண் அவனைப் பார்த்தபடி இருந்தது. தாடை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. உயிர் போகிற மாதிரியும் இல்லை, அடுத்த சொல் வருகிற மாதிரியும் இல்லை. கெம்பன் பாறையைப் பார்த்தான், எருமையைப் பார்த்தான். அவனுக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. எதுவாக இருந்தாலும் அது அக்கரையில்தானே இருக்கிறது, இந்தத் தோலும் அக்கரைக்குத்தானே போகப் போகிறது, சொல்லாமல் விட்டதும் கூடவே போய்ச் சேர்ந்துவிடும். காலம் முழுக்கப் பரிசல் கட்டிய ஒருவனுக்குத்தான் அப்படித் தோன்றும்.

கத்தியை எடுத்தான். கத்தி இறங்கிய பிறகும் தாடை இரண்டு முறை அசைந்தது.

அவன் வீடு திரும்பியதும் இருசி, மயிலியக்கா கடைசியாக என்ன சொன்னது என்று கேட்டாள். நல்லா இருக்கச் சொன்னது என்றான் கெம்பன். அவள் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

பத்து நாள் காயவைக்க நேரமில்லை. இரண்டே நாளில் கட்டினான். தோலை இழுக்கும்போது மற்ற தோல் மாதிரி வழுக்கவில்லை; அவன் இழுத்த பக்கத்துக்குக் கொஞ்சம் எதிராகவே இழுத்தது. பச்சைத் தோல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் யாரோ மெல்லுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. இரண்டு முறை அப்படித் திரும்பிப் பார்த்தான். மூன்றாவது முறை திரும்பவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் வேகமாக ஓடினாலும் கடக்கிற அளவுக்குத்தான் இருந்தது. இருசி பரிசலில் இறங்கி உட்கார்ந்தாள். அளவு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. தோல் அவள் தொடையைத் தொட்டது. "சூடா இருக்குதண்ணா" என்றாள். வெயில் என்றான் கெம்பன். முதுகுப் பக்கம் முடிச்சைப் போட்டான். அக்கரைத் துறையில் மாப்பிள்ளை வீட்டார் நிற்பது தெரிந்தது. முன்னால் மாப்பிள்ளையின் அக்கா பச்சி, விரல்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றாள்.

இருசி துடுப்பைப் போடுவதற்கு முன்பே பரிசல் நகர்ந்துவிட்டது.

நடு ஆறு வரை நேராகப் போயிற்று. கரையில் குலவை போட்டார்கள். பிறகு பரிசல் மூக்கைத் திருப்பி, துறையை விட்டு விலகி, ஓடும் தண்ணீரை எதிர்த்து ஏறத் தொடங்கியது. ஒவ்வொருவராகக் குலவையை நிறுத்தினார்கள். இருசி துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டாள். துடுப்பு உடைந்தது. பரிசல் அக்கரையில் ஆளில்லாத ஒரு பாறைச் சந்தில் போய் மூக்கை முட்டி நின்றது. மாடு தொழுவத்துக் கதவை முட்டுமே, அப்படி. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் பின்வாங்கி, வேறொரு சந்தைத் தேடிப் போய் அங்கே முட்டியது. மடுவின் கறுத்த தண்ணீரைக் குறுக்கே கடந்து இக்கரைக்கு வந்தது. மறுபடியும் அக்கரைக்குப் போயிற்று.

இருசிக்குத் தொடைப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. வாயில்லாத இடத்திலிருந்து வருகிற குரல் அது. எனக்கு அக்கரையில ஒரு. பிறகு மெல்லுகிற சத்தம். மறுபடியும், எனக்கு அக்கரையில ஒரு.

தண்ணீரில் கிடந்த அடித்தோல் நனைந்தே இருந்தது. மேல்தோல் வெயிலில் காய ஆரம்பித்தது. காய்கிற தோல் சுருங்கும். அவள் இடுப்பைச் சுற்றியிருந்த துளை ஒரு விரல் அளவு சின்னதாயிற்று. கரையில் ஓடிக்கொண்டே பார்த்த கெம்பனுக்கு அது என்னவென்று மற்றவர்களுக்கு முன்பே புரிந்தது. பொழுது சாய்வதற்குள் அது அவள் மூச்சை நிறுத்திவிடும்.

மயிலி என்ன சொல்ல வந்தது என்று தெரிந்தால் அதைச் செய்துவிடலாம் என்று எருமைக் கூட்டத்திடம் ஓடினான். தண்ணீரோரம் படுத்திருந்தன. கூட்டத்திலேயே மூத்த கடா, வளைகொம்பன், அவனைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. கெம்பன் கேட்டான். கடா அசைபோடத் தொடங்கியது. அவன் உட்கார்ந்தான். எழுந்து ஆற்றைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். இந்த முறை பாதியில் குறுக்கிட அவனுக்குத் தைரியம் இல்லை. தலைக்கு மேலே வந்த சூரியன் மேற்கே சாயத் தொடங்கிய பிறகுதான் கடா சொல்லி முடித்தது.

"அவ சொன்னது உன்கிட்ட."

கடா முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்ற எருமைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டன.

கெம்பன் தன் பரிசலில் ஏறி நடு ஆற்றுக்குப் போனான். இருசியின் முகம் கறுத்திருந்தது. மூச்சுக்கு இடமில்லாததால் அவளும் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசினாள். ஒரு சொல், ஒரு மூச்சு, வாய் மெல்ல அசைதல், அடுத்த சொல்.

வாரை அறுத்துவிடலாம், கல்யாணம் போனால் போகட்டும் என்று கத்தியை உருவினான். கத்தியைக் கண்டதும் தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. பரிசல் துள்ளிப் பின்வாங்கியது. துளை இன்னும் இறுகி இருசி வாயைப் பிளந்தாள். அந்தக் கத்தியை அந்தத் தோலுக்குத் தெரியும். கெம்பன் அதை ஆற்றில் போட்டான்.

பரிசலுக்குக் கேட்கும்படி, அக்கரையில ஒரு கன்னு இருக்குதா அக்கா, அதைத்தானே சொன்னே என்றான். தோல் இறுகியது. ஒரு குழியா, புல்லா, ஒரு மரமா என்று கேட்டான். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"நீ முடிக்காதண்ணா" என்றாள் இருசி.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நல்லா... இருக்கச் சொன்னதா... சொன்னியே."

"பொய் சொன்னேன். அது பேசிக்கிட்டு இருக்கையிலயே கத்தி வெச்சுட்டேன்."

இருசி தோலில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். காலையிலிருந்து அந்தக் குரலோடு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது. மயிலி எதையும் மறைக்கவில்லை. அடுத்த சொல் அதற்கே இன்னும் வந்து சேரவில்லை. மென்று மென்று அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கத்தி இறங்கியது. அந்தச் சொல் இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. பிறக்கவே இல்லை. தோலுக்குத் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் இருக்கிறவரை அது தேடிப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

"மூக்கையும்... வாலையும்... எடுத்துடு" என்றாள்.

கெம்பன் தண்ணீரில் இறங்கினான். கத்தி இல்லை, விரல்தான் இருந்தது. தோலை வாரால் கட்டுவது எளிது, ஈரத்தில் இறுகிய வாரை அவிழ்ப்பது கஷ்டம். அவன் மூக்கு முடிச்சில் கை வைத்ததும் பரிசல் திமிறியது. அப்போது இருசி குனிந்து, தோலோடு வாயை வைத்துப் பேசினாள்.

"சொல்லுக்கா. நான் கேக்கறேன். ஒண்ணும் அவசரமில்ல."

பரிசல் நின்றது.

வெள்ளம் வந்துகொண்டிருந்த ஆற்றில், மூச்சு முட்டிக்கொண்டிருந்தவள் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். தோல் மென்றது. கெம்பன் நகம் பிய்ந்து இரத்தம் வர மூக்கு முடிச்சை அவிழ்த்தான். மேல் தையலின் வாரைக் கோத்த ஒவ்வொரு கண்ணிலிருந்தும் உருவிக்கொண்டே அவள் இடுப்புவரை வந்தான். பிறகு நீந்திப் போய் வால் முடிச்சையும் அவிழ்த்து அந்தப் பக்கத்திலிருந்து வந்தான். கடைசியில் தன் கையால் போட்ட கல்யாண முடிச்சு. அதையும் அவனே அவிழ்த்தான்.

இழுத்துக் கட்டியிருந்த பிளாச்சுகள் ஒரே அடியில் விரிந்தன. குவிந்த கை திறப்பது போலப் பரிசல் நாலாபக்கமும் திறந்து வட்டமாயிற்று. நடுவில் இருசி மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தம் இரண்டு கரைக்கும் கேட்டது.

பரிசல் இப்போது எந்தக் கரைக்கும் போகவில்லை. எந்தப் பக்கம் முன் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. கெம்பன் தன் பரிசலைத் தேடினான். தண்ணீர் அதை எப்போதோ கொண்டுபோயிருந்தது. விளிம்பைப் பிடித்து இருசியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். ஒரே தோலில் இரண்டு பேர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உடைந்த துடுப்பால் முன்னாலிருந்து தண்ணீரை அரைத்து அரைத்து இழுத்தான். சுற்றிச் சுற்றித்தான் அக்கரை சேர்ந்தார்கள்.

துறையில் பச்சி நின்றுகொண்டிருந்தாள். அவிழ்க்க முடிச்சில்லை. துடைத்து வைத்த விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இருசியின் இடுப்பில் தோல் பதிந்து கன்றிப்போயிருந்த கோட்டின் மேல், முடிச்சை அவிழ்ப்பது போல விரலை ஓட்டினாள். "எறங்கு" என்றாள். கல்யாணம் நடந்தது.

இருசி பிள்ளை குட்டிகளோடு வெகுகாலம் இருந்தாள். ஆனால் பேசிக்கொண்டே இருப்பவள் சில சமயம் பாதியில் நிறுத்திவிடுவாள். வாய் மட்டும் மெல்ல அசையும். கண் ஆற்றின் பக்கம் போகும். வீட்டில் இருப்பவர்கள் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

கெம்பன் மறுநாளே எருமைகளிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். அவை கழுத்தளவு தண்ணீரில் படுத்து அவனைப் பார்த்தன. எதுவும் பேசவில்லை. அதற்கப்புறம் எந்த எருமையும் எந்த மனிதனிடமும் பேசவில்லை. ஆரம்பித்தால்தானே பாதியில் நிற்கும்.

கெம்பன் மறுபடி யாரையும் மணலில் படுக்க வைத்து அளவெடுக்கவில்லை. அவனுக்குப் பின் வந்தவர்களும் எடுக்கவில்லை. எல்லாரும் ஏறுகிற மாதிரி, முன்னும் பின்னும் இல்லாமல், வட்டமாகவே கட்டினார்கள். கரையிலிருந்து தள்ளிவிட்டதும் பரிசல் தானாக ஒரு சுற்றுச் சுற்றும். பரிசல்காரர் அது முடியும்வரை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். கேட்டால் தண்ணீர் ஓட்டம் பார்க்கிறேன் என்பார்.

மடுவைக் கடக்கும்போது பரிசலில் யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்தினால், அதன் மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்லாமல் காத்திருக்கும் வழக்கம் வந்ததும் அந்த நாளுக்குப் பிறகுதான்.